ராக்காயி எழுதிய பொங்கல் கணக்கு

யாராவது பலகாரப் பையோடு என் வீட்டுப் படியேறினால் நான் பையைப் பார்க்க மாட்டேன், முகத்தைப் பார்ப்பேன். என்னத்துக்கு வந்திருக்காங்க? போன மாதம் பண்டாரவளையில் என் வீட்டுக்கு ஒரு இளம் டீச்சர் வந்தாள். ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்தவள். கையில் ரோனியோ மெஷினில் நகல் எடுத்த தாள்கள். ஒன்றில் விளக்குப் படம், ஒன்றில் கரும்பு, ஒன்றில் நத்தார் என்கிற கிறிஸ்துமஸ் மரம். ஐந்து விளக்கும் மூன்று விளக்கும் சேர்ந்தால் எத்தனை, விடையை வாக்கியமாக எழுதுக என்று கீழே கேள்வி. பண்டிகையை வைத்தே கணக்கு, வாசிப்பு, எழுத்து மூன்றையும் சொல்லிக்கொடுக்கலாமாம், புது முறையாம். நீங்களும் அந்தக் காலத்தில் இப்படி என்னமோ செய்தீங்களாமே டீச்சர், எழுதித் தாங்களேன் என்று கேட்டாள்.

எழுதி வாங்கிக்கொண்டு போய் என்ன செய்யப் போகிறாள் என்று எனக்கு உள்ளே அரித்தது. கேட்டும் விட்டேன். பிள்ளைகளுக்குத்தான் டீச்சர் என்று சிரித்தாள். சரி, நம்பித்தான் எழுதுகிறேன்.

இந்தச் சந்தேகப் புத்தி எனக்கு அப்பா கொடுத்த சீதனம். பதுளை பஜாரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தவர் அவர். நனைச்சுப் பார்க்காம துணியோட அகலத்தை நம்பாதே என்பார். நான் பதுளையிலேயே படித்து, பயிற்சிக் கல்லூரியில் இரண்டு வருடம் இருந்துவிட்டு, அறுபதுகளின் நடுவில் நமுனுகுல பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தேன். பயிற்சியில் சொல்லித்தந்ததில் முக்கால்வாசி அந்தத் தகரக் கொட்டகைக்கு உதவவில்லை. ஒரே அறை, ஒரே டீச்சர், ஐந்து வகுப்பு. மழை பெய்தால் பாடம் கேட்காது. பள்ளிக்கூடத்தை ஒட்டித்தான் பெரட்டுக்களம். விடியற்காலையில் தோட்டத்து ஆட்களைக் கூட்டி நிறுத்தி இன்றைக்கு எந்த மலைக்கு யார் என்று பிரித்து அனுப்பும் இடம். அங்கே பேசுவது எல்லாம் எனக்குக் கேட்கும். நான் பேசுவது எல்லாம் அவர்களுக்கும் கேட்கும்.

பிள்ளைகள் வாய்ப்பாட்டைப் பாட்டு மாதிரிச் சொல்லுவார்கள். ஏழெட்டு ஐம்பத்தாறு என்று கூரை அதிரும். ஆனால் அதையே வார்த்தையில் எழுதிக் கொடுத்துவிட்டால் போச்சு. "கூட்டவா டீச்சர், கழிக்கவா?" என்று என் முகத்தைப் பார்ப்பார்கள். வாசித்துப் புரிந்து செய்வதே கிடையாது, என் முகத்தில் இருந்துதான் விடை எடுப்பார்கள். பாடப்புத்தகத்துக் கணக்கில் ஒருவர் மாம்பழம் வாங்குவார், இன்னொருவர் குதிரை வண்டியில் போவார். எங்கள் பிள்ளைகளுக்குக் குதிரையும் தெரியாது, வண்டியும் தெரியாது. தெரிந்தது தீபாவளி, பொங்கல், தோட்டத்துக் கோயில் திருவிழா, கீழே சிங்களக் கிராமத்தில் வெசாக்குக்குக் கட்டும் காகித விளக்குக் கூடு.

அதனால் ஒரு தீபாவளிக்கு முந்தின வாரம் ஆரம்பித்தேன். ஆளுக்கொரு கணக்கு எழுதணும். நாலே வரி. யார், என்ன பண்டிகை, எவ்வளவு, கடைசி வரி கேள்வி. எழுதியதும் சிலேட்டைப் பக்கத்தில் இருக்கிறவனிடம் கொடுக்கணும். அவன் முதலில் சத்தமாக வாசிக்கணும். வாசிக்கிறவன் தடுக்கினால் எழுதினவன்தான் திருப்பி எழுதணும். தடுக்காமல் வாசித்த பிறகுதான் கணக்குப் போடலாம். இதற்கெல்லாம் மேல் ஒரு சட்டம் வைத்தேன்: உங்க வீட்டில நடந்ததை மட்டும்தான் எழுதணும், கற்பனை கூடாது. சொந்த வீட்டு விஷயம் என்றால் கூட்டுவதா கழிப்பதா என்று என்னிடம் கேட்க மாட்டார்கள் என்று எண்ணினேன். அது பலித்தது. ஆனால் நடந்ததை மட்டும் எழுது என்று ஒரு தோட்டத்தில் சொல்வது என்னவென்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

முதல் தீபாவளிக்கே வெடித்தது. நாலாம் வகுப்பில் ஒரு வாயாடி எழுதியிருந்தான்: தீபாவளிக்குக் கணக்கப்பிள்ளை ஐயா வீட்டுக்கு எங்கள் லயத்தில் இருந்து ஆறு சேவல் போனது. அவர் வீட்டில் நாலு பேர். ஆளுக்கு எத்தனை சேவல்? பக்கத்தில் இருந்தவள் கணீரென்று வாசித்து, ஆளுக்கு ஒன்றரைச் சேவல் என்று விடையும் சொன்னாள். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கும் அடக்க முடியவில்லை.

அன்றைக்குச் சாயந்தரத்துக்குள் ஆட்கள் குடியிருக்கும் லயம் முழுக்க அந்த ஒன்றரைச் சேவல் சுற்றிவிட்டது. மறுநாள் கணக்கப்பிள்ளை வந்தார். ஆட்களை வேலையில் நிறுத்துவது, கொழுந்து நிறுக்கும்போது நின்று பார்ப்பது, யார் வந்தார் வரவில்லை என்று பதிவது எல்லாம் அவர்தான். தோட்டத்து மனேஜர் துரைகூட அவரைக் கேட்டுத்தான் ஆட்களைத் திட்டுவார். ஒல்லியான மனிதர், அரைக் காற்சட்டை, முழங்கால் வரை மேசு, அதாவது காலுறை. கோபிக்கவே இல்லை. புன்சிரிப்போடு, "புள்ளைங்க நல்லா எழுதுதுங்க டீச்சர். என்னென்ன எழுதுதுங்கன்னு நானும் அப்பப்ப வந்து பார்க்கிறேன்" என்றார். திட்டுகிறவனை நம்பலாம், சிரிக்கிறவனை நம்பக் கூடாது.

சொன்ன மாதிரியே வந்தார். அதற்குப் பிறகு எந்தப் பண்டிகைக் கணக்கு நடந்தாலும் பெரட்டுக்களத்துப் பக்கத்து ஜன்னலில் அவர் தலை தெரியும். தோட்டத்து உத்தியோகத்தர் பெயரை எழுதக் கூடாது என்று நானும் ஒரு சட்டம் சேர்த்தேன்.

இப்படியே பல பண்டிகை போனது. எழுபதுகளின் நடுவில், அரிசிக்கும் மாவுக்கும் எல்லாரும் அல்லாடிய காலத்தில்தான் ராக்காயி ஐந்தாம் வகுப்புக்கு வந்தாள். அப்பா இல்லாத பிள்ளை. அம்மா காளியம்மா கொழுந்து எடுப்பவள். அண்ணனும் அண்ணியும் அதே லயத்தில். ராக்காயி அதிகம் பேச மாட்டாள், எழுதினால் விட மாட்டாள். வெசாக் கூட்டுக்கு எத்தனை மூங்கில் குச்சி வேண்டும் என்று எழுதச் சொன்னால், ஒரு குச்சி உடைந்தால் என்ன செய்வது என்பதையும் சேர்த்து எழுதுவாள். என் முகத்தைப் பார்க்காமல் கணக்குப் போட்ட முதல் பிள்ளை அவள்தான்.

ஐந்தோடு எங்கள் பள்ளிக்கூடம் முடிகிறது. அதற்கு மேல் என்றால் பதுளை. அல்லது வேறொரு வழி இருந்தது. பொங்கலுக்கு முன்னால் தரகர் ஒருவர் தோட்டத்துக்கு வருவார். கொழும்பில் நல்ல வீடு, மூணு வேளைச் சாப்பாடு, புள்ளையைப் புள்ளை மாதிரிப் பாத்துக்குவாங்க என்பார். பொங்கல் கழித்துக் காரில் ஏற்றிக்கொண்டு போவார். போன பிள்ளைகளில் ஒன்றுகூடத் திரும்பி வந்ததை நான் பார்த்ததில்லை. அந்தத் தரகர் கணக்கப்பிள்ளையின் மச்சான். ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதை. அந்த வருடம் காளியம்மா வீட்டுக்கும் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். வீட்டில் அடுப்பு எரியாத நாட்கள். காளியம்மா முடியாது என்று சொல்லவில்லை.

நான் ராக்காயியின் கணக்குகளைத் தாளில் எழுத வைத்து, கட்டாகக் கட்டிக்கொண்டு பதுளைக்கு பஸ் ஏறினேன். விடுதியோடு இருந்த ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் அதிபரைப் பார்த்தேன். இலவசமாக ஒரு இடம் இருக்கிறது, ஆனால் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் ஐயா பார்த்துச் சரி சொன்னால்தான் என்றார்.

இந்த இன்ஸ்பெக்டரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளை லோங்ஸ் காற்சட்டை, கையில் குடை. பள்ளிக்கூடத்துக்குள் வந்தால் வணக்கம் சொல்வதற்கு முன்னால் கரும்பலகையை விரலால் தடவிப் பார்ப்பார், எழுத்து இன்றைக்கு எழுதியதா நேற்று எழுதியதா என்று. கை தூக்குகிற பிள்ளையைக் கேட்க மாட்டார், தூக்காததைத்தான் கேட்பார். வாசிக்கச் சொன்னால் கடைசி வரியில் இருந்து மேலே வாசிக்கச் சொல்லுவார், மனப்பாடமா என்று கண்டுபிடிக்க. பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அவர் வரும் நாளில் வேறு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தார்களாம். அதிலிருந்து பிள்ளைகள் உட்காரும் வாங்கிலில் தூசி எங்கே கலைந்திருக்கிறது என்றும் பார்ப்பார் என்று சொல்லுவார்கள். என்னை விடப் பெரிய சந்தேகப் பிராணி. எனக்கே அவரைக் கண்டால் ஒரு மரியாதை, ஒரு எரிச்சல்.

பதுளை ஒபிசில் நான் கொண்டுபோய்க் கொடுத்த ராக்காயியின் தாள்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு, "கை பிள்ளையின்ரை. மூளை ஆற்றை, ரீச்சர்?" என்றார். யாருடைய மூளை என்று கேட்கிறார். எனக்குச் சுருக்கென்றது. வந்து பாருங்கள் என்றேன். வருவேன், எப்ப என்று சொல்ல மாட்டேன் என்றார்.

பொங்கல் முடிந்த வாரமே வந்துவிட்டார். பழைய கார் ஒன்று மேட்டில் இரைந்து வந்து நின்றது. தரகர்தான் வந்துவிட்டார் என்று எனக்கு ஒரு கணம் உயிர் போய் வந்தது. காரைப் பார்த்துக் கணக்கப்பிள்ளையும் வந்து வழக்கமான ஜன்னலில் நின்றுகொண்டார்.

இன்ஸ்பெக்டர் ராக்காயியைத் தனியாக உட்கார வைத்தார். என்னை வெளியே போகச் சொன்னார். பொங்கலைப் பற்றி இதுவரை எழுதாத ஒரு கணக்கு, நாலு வரி, இப்பவே எழுது என்றார். அவள் எழுதி முடித்ததும் என்னை உள்ளே கூப்பிட்டார். ஒரு வார்த்தை பேசக் கூடாது, பேசினால் சோதனை முடிந்தது என்று விரலைக் காட்டினார். பிறகு தாளை எடுத்துச் சத்தமாக வாசித்தார்.

"பொங்கலுக்கு முதல் நாள் எங்கள் வீட்டில் மூன்று பேர் வேலைக்குப் போனார்கள். இரண்டரைப் பேர் விழுந்தது. ஒரு பேருக்கு இரண்டு கொத்து அரிசி கொடுத்தார்கள். எத்தனை கொத்து அரிசியில் பொங்கல் வைத்தோம்?"

தாளைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். அந்தப் பார்வையில் வெற்றி இருந்தது. கண்டுபிடித்துவிட்டாராம்.

"மூண்டு பேர் போய் ரெண்டரைப் பேர் விழுந்ததோ? மிச்ச அரை மனிசன் எங்கை பிள்ளை?"

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. தோட்டத்தில் பேர் என்றால் ஆள் இல்லை. ஒரு நாள் வேலை பதிவானால் ஒரு பேர். முழு நாள் நின்றும் கொழுந்து குறைந்துபோனால், அல்லது பெரட்டுக்குப் பிந்தி வந்தால், அரைப் பேர். அந்த வருடம் பொங்கல் அரிசியையும் பேர்க் கணக்குக்குத்தான் கொத்துப்படியால் அளந்து கொடுத்தார்கள். இது அங்கே மூன்று வயசுப் பிள்ளைக்கும் தெரியும். பதுளை ஒபிசில் இருக்கும் யாழ்ப்பாணத்து மனிதருக்கு எப்படித் தெரியும்? கண்ணை மூடிக்கொண்டு பின்னத்தை எங்கிருந்தோ காப்பியடித்த பிள்ளை என்றுதான் அவருக்குத் தெரிந்தது. நான் வாயைத் திறந்தால் சொல்லிக்கொடுத்தேன் என்பார். திறக்காவிட்டால் பிள்ளை கொழும்புக்குப் போகும். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். கடிபட்டு இரத்தமே வந்துவிட்டது.

ராக்காயி அழவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. நேரே ஜன்னலைப் பார்த்தாள்.

"கணக்கப்பிள்ளை ஐயா, அரைப் பேர் போடுறது நீங்கதானே. இவருக்குச் சொல்லுங்கய்யா."

வெகுளியாகக் கேட்டாளா, தெரிந்தே கேட்டாளா என்று இன்றைக்கு வரை எனக்குச் சந்தேகம்தான். கணக்கப்பிள்ளை தொண்டையைச் செருமினார். ஆமாங்க, தோட்டத்துப் பேச்சுங்க அது என்று ஆரம்பித்து, ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர், கொழுந்து கொறைஞ்சா அரைப் பேர் என்று சொல்லி முடித்தார். யாருக்கு அரைப் பேர் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். எங்கம்மாவுக்கு என்றாள் ராக்காயி. அந்த மனுசி முழு நாளும் மலையில் நின்றதோ என்று கேட்டார். நின்றாங்க என்றார் கணக்கப்பிள்ளை. மழையோ? மழைதாங்க.

ஜன்னலில் அந்தச் சிரிப்பு இல்லை. இன்ஸ்பெக்டர் பிள்ளையின் பக்கம் திரும்பினார். எத்தனை கொத்து என்று கேட்டதற்கு அஞ்சு என்றாள்.

"ஆறெல்லோ வந்திருக்க வேணும்?"

"இந்தக் கணக்குக்கு அஞ்சுதாங்க ஐயா. ஆறு வேற கணக்கு."

இன்ஸ்பெக்டர் குடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இடம் சரி என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனால் அவர் நிற்கவில்லை. ஒபிசில் இருந்து கடிதம் வரும் வரை காத்திருக்க வேண்டாம், பிள்ளையை இப்பவே என்னோடை அனுப்புங்கோ என்றார். ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்டேன்.

"ஜன்னலுக்குள்ளாலை பாத்துக்கொண்டு நிக்கிற மனிசனை எனக்குப் பிடிக்கேல்லை ரீச்சர். நாளைக்கு இந்தப் பிள்ளை இஞ்சை இராது."

தரகர் கணக்கப்பிள்ளையின் மச்சான் என்று நான் சொல்லவே இல்லை. சந்தேகம் பிடித்தவருக்குச் சில நேரம் சரியாகவே மூக்கில் வேர்க்கிறது.

மலைக்கு ஓடினேன். காளியம்மா கூடையும் தலையில் கம்பளியுமாகத் தேயிலை நிரையில் நின்றாள். மூச்சு வாங்கச் சொன்னேன்: கார் வந்திருக்கு, பதுளைப் பள்ளிக்கூடம், இப்பவே கூட்டிட்டுப் போறாங்க அக்கா. சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால் அவள் முகம் இறுகிப்போனது.

"பொங்கலுக்கு முந்தி கணக்கப்பிள்ளை ஐயா மச்சானும் காருலதான் டீச்சர் வந்தாரு. நல்ல எடம்னுதான் சொன்னாரு. ஒங்களுக்கு இதுல என்ன கெடைக்குது?"

எனக்கா? என்னையா கேட்கிறாள்? கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த நிமிடமே அடங்கிப்போனது. அவள் இடத்தில் நான் இருந்தால் இதையேதான் கேட்டிருப்பேன். நீங்களும் வாங்கக்கா, கண்ணால பாருங்க, பிடிக்கலைன்னா கையோட கூட்டிட்டு வந்துருவோம் என்றேன். அவள் கொஞ்சம் யோசித்தாள். கூடையை இறக்கிப் பக்கத்து நிரைக்காரியிடம் கொடுத்தாள். பாதி நாளில் இறங்கினால் என்னவாகும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

காரில் பின்னால் மகளைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள், இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு. சீட்டில் சாயவே இல்லை. சந்தி வரும்போது என் காதில், "பதுளைப் பக்கம் திரும்பாட்டிப் புள்ளையோட குதிச்சிருவேன் டீச்சர்" என்றாள். பதுளைப் பக்கம்தான் திரும்பியது. டவுனுக்குள் வந்ததும் ஸ்டேஷன் ரோட்டைத் தாண்டும் வரை கதவுப் பிடியில் இருந்து கையை எடுக்கவில்லை. கொழும்பு ரயில் அங்கிருந்துதானே புறப்படும்.

பள்ளிக்கூடத்தில் அதிபர் நாற்காலி போட்டார். காளியம்மா உட்காரவில்லை. விடுதியின் பின்கதவைப் பார்த்தாள், தாழ்ப்பாள் உள்பக்கமா வெளிப்பக்கமா என்று தள்ளிப் பார்த்தாள். சமைக்கிற குசினிக்குள் எட்டிப் பார்த்தாள். கொடியில் காயும் துணியெல்லாம் பிள்ளைகளின் துணிதானா என்று கேட்டாள். கடைசியில் அந்தப் பக்கம் போன ஒரு விடுதிப் பிள்ளையை நிறுத்தி, கையைக் காட்டு தாயி என்றாள். அந்தப் பிள்ளை பயந்துபோய் இரண்டு கையையும் நீட்டியது. காளியம்மா உள்ளங்கையைத் தடவிப் பார்த்தாள். பத்துப் பாத்திரம் தேய்த்த காய்ப்பு இல்லை. விரலெல்லாம் மை. அப்போதுதான் மகளின் கையை விட்டாள். விட்ட பிறகு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், எனக்கென்ன வெட்கம்.

கடைசி பஸ்ஸில் நாங்கள் இரண்டு பேரும் திரும்பினோம்.

மறுநாள் காலை பெரட்டு. நான் பள்ளிக்கூடத்துக் கதவைத் திறந்துகொண்டிருந்தேன். கணக்கப்பிள்ளை ஆட்களைப் பிரித்து அனுப்பிக்கொண்டிருந்தவர், காளியம்மாவைப் பார்த்ததும் நிறுத்தினார். அந்தப் பழைய சிரிப்பு திரும்பி வந்திருந்தது. நேத்து நீ பாதியில எறங்கிட்ட, பரவாயில்ல, புள்ள விசயம், முழுப் பேரே போட்டுட்டேன் என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். லீவுக்குப் புள்ள வந்தா வீட்டுப் பக்கம் கூட்டிட்டு வா, மச்சானும் வாராரு, பார்க்கட்டும் என்றார். நிரையில் இரண்டு பேர், எவ்வளவு நல்ல மனசு என்று முணுமுணுத்தார்கள். அரைப் பேர் போட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். இவரிடம் ஒன்று வாங்கிக்கொண்டால் நாளைக்கு எதைத் திருப்பிக் கேட்பார் என்று யோசிக்கத் தேவையே இல்லை.

வாங்கிக்கொள்வாள் என்றுதான் நினைத்தேன். வீட்டில் அரிசி இல்லாதவள், வாங்கிக்கொண்டால் யார் குறை சொல்ல முடியும்? காளியம்மா நிரையை விட்டு ஒரு அடி முன்னால் வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"நான் அரை நாள்தாங்க நின்னேன். அரைப் பேரு போடுங்க."

பரவாயில்ல காளியம்மா என்றார்.

"இல்லைங்க. போட்டாத்தான் மலைக்குப் போவேன்."

கணக்கப்பிள்ளை பென்சிலை எடுத்துப் பதிவுப் புத்தகத்தில் முழுப் பேரை வெட்டி அரைப் பேர் போட்டார். அவள் எட்டி ஒரு தடவை பார்த்தாள், கூடையை முதுகில் போட்டுக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டாள், மற்றவர்களுக்கு முன்னால் மலைக்கு ஏறிப் போனாள்.